முதலில் மாற்ற வேண்டியது

வின்சென்ற் ஊருக்குத் தொலைபேசியில் கதைக்கிறாரா இல்லையா என்று அறிய, ஒஸ்லோவின் புருசெத்தில் யாரும் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டத் தேவையில்லை. படிக்கட்டில் நின்றாலே போதும். கதவு சாத்தியிருக்கும், குளிருக்குப் போட்ட இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் சாத்தியிருக்கும். அதையெல்லாம் தாண்டி அவருடைய குரல் கீழே தபால்பெட்டிகள்வரை இறங்கி வரும். கடல் தாண்டிக் கதைப்பதென்றால் கடல் தாண்டுகிற அளவுக்குக் கத்த வேண்டும் என்பது அவர் தலைமுறையின் அசைக்க முடியாத நம்பிக்கை. விஞ்ஞானம் எவ்வளவோ முன்னேறிவிட்டது என்று அவர்களுக்குச் சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் தொண்டை கட்டியது.

கீழ்வீட்டில் தனியாக இருந்த றண்டி என்ற நோர்வேக்காரி, ஒருமுறை லிஃப்டில் வின்சென்றின் மனைவி யோசெப்பினை ஓரமாக மறித்து, வீட்டில் ஏதும் பிரச்சினையா, கணவர் கை நீட்டுகிறவரா என்று மெல்லக் கேட்டாள். இல்லை, தங்கையோடு கதைக்கிறார், பாசத்தில் அப்படி, என்று யோசெப்பின் சொன்னதை அவள் நம்பவே இல்லை. இந்தக் கதையைக் கேட்டுச் சிவானந்தன் வயிறு குலுங்கச் சிரித்தார். தமிழ் விழாக்களுக்கு ஒலி அமைப்பவர் அவர். வின்சென்றுக்கு இளையவர், நல்ல சிநேகிதன். "நுணலும் தன் வாயால் கெடும் எண்டு சும்மாவே சொன்னவங்கள், அண்ணை? ஒருநாளைக்குப் பொலிஸ் வந்து உங்களைக் கொண்டுபோகப் போகுது" என்றார்.

வின்சென்றும் சேர்ந்து சிரித்தார். அப்போது சிரிக்கக்கூடிய காலமாக இருந்தது.

மன்னார்ப் பக்கம் விடத்தல்தீவில் பிறந்து, எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் வடமுனையில் ஒரு மீன் தொழிற்சாலைக்கு வந்து, அங்கே இரண்டு மாதம் சூரியனே எழும்பாத இருட்டைக் கண்டு பயந்து ஒஸ்லோவுக்கு இறங்கியவர் அவர். இங்கே ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க இயந்திரங்களின் இரைச்சல். வீட்டுக்கு வந்தால் ஒரு நல்ல சத்தம் காதில் விழ வேண்டும் என்று, பள்ளிக்கூடங்களில் வசந்தகாலத்தில் போடுகிற லொப்பெமார்க்கெட் என்ற பழைய சாமான் சந்தையில் ஒரு பாட்டுப்பெட்டி சேர்த்தார். ஒரு சந்தையில் அம்ப்ளிஃபையர், இன்னொன்றில் கசெற் டெக், மூன்றாவதில் ஒரு சோடி ஸ்பீக்கர். மூன்றும் மூன்று கம்பெனி. "கலப்புக் கலியாணம்" என்று சிவானந்தன் பகிடி பண்ணுவார். என்றாலும் அது பாடியது.

அந்தப் பெட்டிக்குப் பாட்டைவிடப் பெரிய வேலை ஒன்று வந்து சேர்ந்தது. ஊரிலிருந்து தங்கை மெற்றில்டாவின் அழைப்பு எப்போதாவதுதான் வரும். வருகிற நேரம் மகள் லீசா பள்ளிக்கூடத்தில் இருப்பாள், யோசெப்பின் ட்வெய்ட்டாவில் முதியோர் இல்லத்து வேலையில் இருப்பாள், யோசெப்பினின் தம்பி குடும்பம் திராமன் நகரத்தில் இருக்கும். எல்லோருக்கும் கேட்க ஆசை. வின்சென்ற் ஒரு சின்னக் கருவி வாங்கித் தொலைபேசிக்கும் கசெற் டெக்குக்கும் நடுவில் பூட்டினார். அழைப்பு வந்தால் ஒரு கையில் றிசீவர், மறுகையில் பதிவுப் பொத்தான். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் எல்லோரும் வந்து, தேத்தண்ணியும் பற்றிஸ் பலகாரமுமாக இருந்து கேட்பார்கள். "மெற்றில்டா மச்சாளின்ரை கோல் கேக்கப் போறம்" என்று சொல்லித்தான் திராமன்காரர் ரயில் ஏறுவார்கள். அவள் ஊரில் மழை பெய்ததைச் சொன்னால் இங்கே சோபாவில் இருக்கிறவர்கள் தலையாட்டுவார்கள். அவளுடைய ஒரே மகள் அனெற், "மாமா, எனக்குச் சிவப்புச் சப்பாத்து" என்று சொன்ன இடத்தைப் பின்னுக்குச் சுற்றிச் சுற்றிப் போட்டதில் அந்த நாடாவே இளகிப்போனது.

இரண்டாயிரத்து எட்டில் விடத்தல்தீவு இராணுவத்திடம் விழுந்தது. மெற்றில்டாவின் குடும்பம் சனத்தோடு சனமாகக் கிழக்கே நகர்ந்தது. ஒவ்வொரு அழைப்பும் ஒவ்வொரு இடத்திலிருந்து வந்தது. இடத்தின் பெயர் மாற மாற அழைப்புகள் குறைந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் பற்றிஸ் நின்றுபோய்ச் செபமாலை வந்தது.

கடைசி அழைப்பு இரண்டாயிரத்து ஒன்பது பங்குனியில், ஒரு பகல்பொழுதில் வந்தது. வின்சென்றுக்கும் யோசெப்பினுக்கும் அன்று வேலை இல்லை. மெற்றில்டா யாரோ ஒருவருடைய சாட்டலைட் தொலைபேசியில் வரிசையில் நின்று எடுத்திருந்தாள். சொல் போய்ச் சேர நேரம் எடுத்தது, பதில் திரும்பி வர இன்னும் நேரம் எடுத்தது. புருசன் செல்லடியில் செத்துப்போய்விட்டார் என்றாள். அழவில்லை. பிறகு அனெற்றைப் பற்றி ஏதோ சொன்னாள். யோசெப்பின் பக்கத்தில் நின்று வின்சென்றின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். தானும் ஒரு வார்த்தை கதைக்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்து அவர் கையை உதறிவிட்டார். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

வைகாசியில் சண்டையோடு எல்லாம் முடிந்தது. ஆடியில், சனத்தை அடைத்துவைத்த முகாமுக்குள் இருந்து கொன்ஸ்ரன்ரைன் என்ற ஊர்ப் பொடியன் எப்படியோ ஒரு கைத்தொலைபேசியில் கூப்பிட்டான். கொஞ்ச நேரம் சுகம் விசாரித்தான். அப்படி விசாரிக்கிறவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்று வின்சென்றுக்கு அதற்குள் பழகியிருந்தது.

"மெற்றில்டா அக்காவை நாங்கள்தான் தாட்டனாங்கள், அண்ணை. இருந்த பங்கருக்குள்ளையே வைச்சு மூடினது. வேறை ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு."

"அனெற்?"

"பிள்ளை அவவோடை இல்லை. அதுக்குக் கனநாள் முந்தியே இல்லை. ஆரிட்டையோ குடுத்துவிட்டதா அக்கா சொன்னவ. ஆரெண்டு எனக்குத் தெரியாது அண்ணை."

தங்கை செத்ததற்கு அழ வேண்டிய வின்சென்ற் அன்று அழவில்லை. பிள்ளை எங்கேயோ உயிரோடு இருக்கலாம் என்ற ஒன்றை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒஸ்லோவில் காணாமல்போனவர்களைத் தேடித் தருகிற செஞ்சிலுவைப் பிரிவுக்குப் போனார். அங்கிருந்த பெண் பொறுமையானவள். பிள்ளையின் பெயர், வயது, அடையாளம் எல்லாம் கேட்டுவிட்டு, பிள்ளை யாரோடு போனது, ஒரு பெயர் தெரிந்தால்கூடப் போதும், அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு முகாம்களில் தேடலாம் என்றாள். பெற்றோர் இல்லாத சின்னப் பிள்ளைகள், கூட வந்தவர்களின் பிள்ளையாகவே பதியப்பட்டிருப்பார்கள் என்றும் சொன்னாள்.

ஒரு பெயர். வின்சென்ற் T-bane சுரங்க ரயிலில் வீடு திரும்பும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. அந்தப் பெயர் தன் வீட்டில், கசெற் டெக்குக்குப் பக்கத்தில், கடைசி அழைப்பைப் பதிந்த நாடாவில் இருக்கிறது.

நாடாவைப் போட்டார். "பிள்ளையை நான்..." என்று மெற்றில்டா தொடங்குவது தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு, காய்ந்த சருகைக் காலால் மிதிக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. அது ஓய்ந்ததும், "...இட்டைக் குடுத்துவிட்டனான். நீங்கள் பயப்பிடாதேங்கோ, அண்ணை" என்பது மீண்டும் தெளிவு. பெயர் அந்தக் கரகரப்புக்குள் கிடந்தது. எத்தனை தரம் போட்டாலும் சருகுதான். வின்சென்ற் நாடாவில் குற்றம் காணவில்லை. பெட்டியில்தான் கண்டார். சந்தையில் பொறுக்கிய பெட்டி வேறு எப்படிப் பாடும்? நல்ல பெட்டியாக இருந்தால் பெயர் கேட்கும்.

மூன்றையும் ஒரேயடியாக மாற்ற வசதியில்லை. எதை முதலில் மாற்றுவது என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியை வாழ்க்கையில் ஒருமுறையாவது கேட்டவர்களுக்குத் தெரியும், உலகத்தில் இதற்கு விடை தெரியாதவன் ஒருவனும் இல்லை.

"ஸ்பீக்கர்தான் அண்ணை முதல்" என்றார் சிவானந்தன். "வாய் கோணலா இருந்தா உள்ளுக்கை எவ்வளவு அறிவிருந்தென்ன? அங்கை பாருங்கோ, விளிம்பு எல்லாம் உக்கிக் கிழிஞ்சுபோய்க் கிடக்குது."

நகரத்துக் கடையில் நின்ற நோர்வே இளைஞன் அதற்கு நேர்மாறாகச் சொன்னான். நாடாவிலிருந்து சத்தத்தை எடுப்பது டெக். எடுக்கும்போதே தவறவிட்டதை எந்த ஸ்பீக்கரும் திரும்பக் கொண்டுவராது. ஆகவே டெக்தான் முதல். பூசைக்கு வருகிற அருட்செல்வம், இரண்டும் பிழை, அம்ப்ளிஃபையர்தான் எல்லாவற்றுக்கும் நெஞ்சு என்று கோயில் வாசலில் வைத்து அடித்துச் சொன்னார். அவருடைய வீட்டில் இருந்தது ஒரு சமையலறை ரேடியோ. ஆளுக்கொரு நியாயம்.

லீசா அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, ஒரு ஸ்தூடியோவிலை குடுத்தா கிளீன் பண்ணித் தருவினம்" என்றாள்.

"அந்தக் கசெற் வீட்டு வாசலைத் தாண்டாது" என்றார் வின்சென்ற். அதற்கு மேல் கதை இல்லை. ஊரை விட்டு ஓடியபோது எத்தனை பேர் எத்தனை சாமான் கொண்டு வாசலைத் தாண்டினார்கள், எது திரும்பி வந்தது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

யோசெப்பின் மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை. அவளிடம் கேட்டபோதும், "இப்பிடிப் போட்டுத் தேய்ச்சா இருக்கிற குரலும் இல்லாமப் போயிடும். விடுங்கோவன் அப்பா" என்றாள். வின்சென்றுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செத்தது அவளுடைய தங்கையாக இருந்தால் இப்படிச் சொல்வாளா? அதை வாய்விட்டும் கேட்டார். யோசெப்பின் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினாள்.

கண்ணுக்குத் தெரிகிற கிழிசலை முதலில் தைப்போம் என்று வின்சென்ற் ஸ்பீக்கரையே முடிவு செய்தார். ட்வெய்ட்டாவில் ஒருவர் வீடு மாறும்போது விற்றதை அவரும் சிவானந்தனும் சுமந்து வந்தார்கள். இடுப்பளவு உயரம். பூட்டி, நாடாவைப் போட்டார்கள்.

கரகரப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் இதுவரை கேட்காதவை கேட்டன. மெற்றில்டாவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது. "கெதியாக் கதையுங்கோ அக்கா, சனம் நிக்குது" என்று ஒரு கிழவர் சொன்னார். தூரத்தில் ஏதோ இரண்டு தடவை அதிர, மெற்றில்டாவின் மூச்சு நின்று பிறகு தொடர்ந்தது. அந்த மூச்சை வின்சென்ற் முன்பு கேட்டதே இல்லை. அவர் புது ஸ்பீக்கரின் மேல் கையை வைத்தபடி அழுதார். ஆடியில் அழாததையும் சேர்த்து அழுதார்.

"பாத்தியே சிவா? எல்லாம் உள்ளுக்கை இருக்குது. பெட்டிக்குத்தான் எடுக்கத் தெரியேல்லை."

நம்பிக்கை என்பது பொல்லாத வியாதி. இல்லாதவனைவிடக் கொஞ்சம் கிடைத்தவனைத்தான் அது ஆட்டும். வின்சென்ற் சலவைக்கூடத்தில் மேலதிக வேலை கேட்டு வாங்கினார். சனிக்கிழமைகளில் கடைகடையாக ஏறி டெக் பார்த்தார். காய்ச்சல் வந்தும் படுக்கவில்லை. செஞ்சிலுவைப் பெண்ணைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்ச நாளில் பெயரைத் தந்துவிடுவேன் என்று சொன்னார். எப்படி என்று அவள் கேட்டபோது, பெட்டி திருத்திக்கொண்டிருக்கிறேன் என்றார். அவள் அதையும் குறித்துக்கொண்டு, நல்லது என்றாள். சிவப்புச் சப்பாத்து ஒரு சோடியும் வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். பிள்ளை இப்போது வளர்ந்திருக்கும் என்று ஓர் அளவு கூட்டி வாங்கியிருந்தார்.

இலையெல்லாம் கொட்டிய பிறகு டெக் வந்தது. நாடாவைத் தொட்டு வாசிக்கிற அதன் தலையைச் சிவானந்தன் பஞ்சால் துடைத்து, திருகாணியால் மெல்லத் திருப்பித் திருப்பிச் சீராக்கினார். அன்று வின்சென்ற் நாடாவைப் போட்டதும் கையை உயர்த்தினார்.

"கேட்டியே? அது கரகரப்பில்லை. குரல். ஆம்பிளைக் குரல்."

உண்மைதான். சருகு கலைந்து, உள்ளே ஒரு மனிதக் குரல் எழும்பி இருந்தது. அடைத்து, கிழிந்து, சொல் பிடிபடாமல் இருந்தாலும் ஆண்குரல். வின்சென்ற் கணக்குப் போட்டார். மெற்றில்டாவுக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றிருக்கிறான். பிள்ளையைப் பொறுப்பெடுத்தவன் அவன்தான். அவனே தன் பெயரைச் சொல்கிறான். வேறு என்ன? ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாருங்கள், பல காது இருந்தால் ஒரு காதுக்காவது பிடிபடும் என்று திராமனுக்கும் சொன்னார்.

யோசெப்பின் அன்று அவருக்குச் சாப்பாடு போடும்போது, "ஞாயிற்றுக்கிழமை வேண்டாமே" என்றாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள்.

கிறிஸ்மசுக்கு முந்திய திருவருகைக் காலத்து ஞாயிறு அது. பூசை முடிந்து வந்தார்கள். கனகாலத்துக்குப் பிறகு யாரோ பற்றிசும் கொண்டுவந்தார்கள். சோபா நிறைந்து, நிலத்திலும் இருந்தார்கள். சிவானந்தன் மற்றச் சத்தத்தை எல்லாம் அடக்கி நடுக்குரலை மட்டும் உயர்த்துகிற ஒரு கருவியைத் தன் மேடைச் சாமான்களில் இருந்து கொண்டுவந்து இடையில் பூட்டினார். வின்சென்ற் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

"பிள்ளையை நான்..." என்றாள் மெற்றில்டா.

அதற்குமேல், அவளுடைய குரலை முழுக்க மூடிக்கொண்டு, அறையின் இரண்டு மூலையிலிருந்தும் அந்த ஆள் கத்தினான்.

"கேக்குதோ? மெற்றில்டா, கேக்குதோ? நான் கதைக்கிறது கேக்குதோ?"

பிறகு, "...இட்டைக் குடுத்துவிட்டனான். நீங்கள் பயப்பிடாதேங்கோ, அண்ணை."

அறையில் இருந்த எல்லோருக்கும் அந்தக் குரல் உடனே தெரிந்தது. படிக்கட்டில் வைத்தே கேட்டுப் பழகிய குரல். வின்சென்றுக்குத்தான் கொஞ்சம் பிந்தியது. அவர் இன்னும் கழுத்தை முன்னுக்கு நீட்டி, யாரப்பா இவன் என்று கேட்கிற முகத்தோடு நின்றார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. சிவானந்தன் குனிந்து ஒரு வயரைச் சரிசெய்கிற மாதிரி நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்றோ பகிடியாகச் சொன்ன பழமொழி அந்த நேரம் அவருக்கு நினைவு வந்திருக்கக்கூடாது. வந்தது.

வின்சென்ற் பின்னுக்குச் சுற்றி மீண்டும் போட்டார். மூன்றாம் தரம் போடப் போன கையை லீசா பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, போதும். அது நீங்கள்."

"நானோ?"

"ஓம் அப்பா."

தங்கை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று, தன் பிள்ளையை யாரிடம் கொடுத்தேன் என்று சொன்ன நேரத்தில், அண்ணன் தன் குரல் கேட்கிறதா என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தான். சாட்டலைட் வழியில் சொல் பிந்தித்தான் வரும். கொஞ்சம் பொறுத்திருந்தால் வந்திருக்கும். பக்கத்தில் இருந்த குரல் நாடா தாங்காத அளவுக்குப் பெரிதாகவும் தூரத்துக் குரல் சின்னதாகவும் நாடாவில் விழுந்தது. பெரியது சின்னதைத் தின்றுவிட்டது. இனி எந்த அம்ப்ளிஃபையர் வந்தாலும் கத்தினவனைத்தான் இன்னும் தெளிவாகக் காட்டும்.

வந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள். பற்றிஸ் மூடியபடியே இருந்தது. வின்சென்ற் யோசெப்பினைப் பார்த்தார்.

"உனக்கு முந்தியே தெரியுமோ?"

"பக்கத்திலை நிண்டனான்தானே. கத்தாதேங்கோ, அவ ஏதோ சொல்லுறா எண்டு உங்கடை சட்டையைப் பிடிச்சு இழுத்தனான். நீங்கள் தட்டிவிட்டியள்."

"பேர் உனக்குக் கேட்டதோ?"

"இல்லை. உங்கடை சத்தம்தான் கேட்டது."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

யோசெப்பின் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஸ்பீக்கர் வாங்கேக்கை சொல்லுவம் எண்டு நினைச்சனான். அண்டைக்கு நீங்கள் அழுதியள். பிறகு சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தியள். பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

வின்சென்ற் அம்ப்ளிஃபையர் மாற்றவில்லை. செஞ்சிலுவைப் பெண்ணுக்கு, பெயர் கிடைக்காது என்று லீசாதான் சொன்னாள். ஏன் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, பதிவு பழுதாகிவிட்டது என்றாள். மகள் அப்பாவுக்காகச் சொன்ன பொய் அது. அவளை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தேடுதல் நிற்கவில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். பெயர் இல்லாமல் தேடுவார்கள். சப்பாத்து அலுமாரியில் இருந்தது.

பனி நன்றாக விழத் தொடங்கிய பிறகு ஒருநாள் றண்டி லிஃப்டில் வின்சென்றைக் கண்டாள். இப்போது உங்கள் சத்தமே இல்லையே, தங்கை சுகமா என்று கேட்டாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு, அது தங்கைதான் என்பதை அவள் நம்பியிருந்தாள். வின்சென்ற் தலையை ஆட்டினார். அது ஓமா இல்லையா என்று அவளுக்கு விளங்கவில்லை.

கிறிஸ்மஸ் அன்று பகல் தொலைபேசி அடித்தது. கொன்ஸ்ரன்ரைனை முகாமிலிருந்து வெளியே விட்டிருந்தார்கள். மன்னாரிலிருந்து கூப்பிட்டான். வின்சென்ற்தான் எடுத்தார். பழக்கத்தில் மறுகை பதிவுப் பொத்தானைத் தேடிப் போய், பாதியில் நின்றுவிட்டது.

"அண்ணை, கொன்ஸ்ரன்ரைன் கதைக்கிறன். பெருநாள் வாழ்த்து அண்ணை."

வின்சென்றின் உதடு அசைந்தது.

"அண்ணை? கேக்கேல்லை. கொஞ்சம் சத்தமாக் கதையுங்கோ."

அவர் றிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். மூச்சு விடுகிற சத்தம்கூட அந்தப் பக்கம் போய்விடக்கூடாது என்று வாயைச் சற்றே விலக்கினார்.

"அண்ணை, லைனிலை நிக்கிறியளோ? ஒண்டும் கேக்கேல்லை."

"நீ சொல்லு, தம்பி. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்றார் வின்சென்ற். அது பக்கத்தில் நின்ற யோசெப்பினுக்கு மட்டும்தான் கேட்டது.